இடது செயின் குறித்த உயர்மட்ட ஆய்வு

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இரு தரப்புக்கும் விவரம் போதாது. ஆய்வுக் கூட்டம்தான் அது. நெருப்பு சுடும், சக்கரம் உருளும். ஒன்றுமே செய்யாமல் எல்லாம் நடந்துகொண்டிருப்பதாகக் காட்டும் வல்லமை ஆய்வுக் கூட்டத்துக்கு மட்டுமே உண்டு. இதை டாக்டர் அளவுக்கு உணர்ந்தவர் எவரும் இல்லை.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. கனரக வண்டிகளின் ஹைட்ராலிக் கோளாறுகளைத் தீர்க்கும் சர்வீஸ் என்ஜினீயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைப் பம்பில் வைப்பார், மறுமுனையைக் காதில் வைப்பார், கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"முக்காகவே இந்தப் பட்டம். அவருக்கு அந்தப் பக்கத்துக் காது மந்தம் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த செய்தி.

அன்று காலை அவரை அழைத்தது ஆற்றங்கரை வேலைத்தளம். மேற்கே நல்ல மழை. மூன்று நாளில் வெள்ளம் வரும், அதற்குள் கரையை உயர்த்தியாக வேண்டும். டயருக்குப் பதிலாக இருபுறமும் இரும்புச் செயின் பட்டைகளில் ஊர்ந்து மண் அள்ளும் செயின் வண்டி ஒன்றே ஒன்று. அது நேராகப் போக மறுத்தது.

வண்டியை ஓட்டும் ஆபரேட்டர் நாற்பது வயதுப் பெண்மணி. கரைக்குக் கீழே இருக்கும் தெருவில்தான் அவர் வீடு.

"என்னம்மா பிரச்சினை?"

"இடது பக்கமா இழுக்குது சார். இடது செயின் மெதுவாச் சுத்துது. கரை மேல ஓட்டவே பயமா இருக்கு, ஆறு இடது பக்கம்தானே இருக்கு. அந்தச் செயின் ரொம்ப இறுக்கமா இருக்கு. அதைக் கொஞ்சம் தளர்த்திப் பாக்கலாமா?"

டாக்டர் பெருந்தன்மையோடு சிரித்தார். இருபது டன் வண்டிக்கு வந்த நோயை, பாவாடை நாடாவைத் தளர்த்துவது போலத் தளர்த்திச் சரிசெய்துவிட்டால் பிறகு நிபுணர் எதற்கு?

"முறைப்படி போவோம்மா," என்றார்.

முறைப்படி போனார். காதில் ஸ்க்ரூடிரைவர் வைத்தார். கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்தார். இடது, வலது மோட்டார்களுக்குப் போகும் குழாய்களை மாற்றி மாட்டினார். அப்போதும் இடது செயின்தான் மெதுவாகச் சுற்றியது. அப்படியானால் பம்பும் வால்வும் நிரபராதிகள். குற்றம் இடது மோட்டாரில். இந்தத் தீர்ப்பை எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. புது மோட்டார் வேண்டுமானால் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு ஆய்வுக் கூட்டம் வேண்டும்.

மறுநாள் காலை, வேலைத்தளத்துத் தகரக் கொட்டகையில், கணினித் திரையில் பதினொரு முகங்கள் கூடின. "ஐந்து ஏன்" முறைப்படி விசாரணை தொடங்கியது.

"வண்டி ஏன் இடப்பக்கம் போகிறது?" என்று கேட்டார் மண்டல மேலாளர்.

"இடது செயின் மெதுவாகச் சுற்றுவதால் சார்," என்றார் டாக்டர்.

"அது ஏன் மெதுவாகச் சுற்றுகிறது?"

"மோட்டார் பலவீனம் சார்."

"மோட்டார் ஏன் பலவீனமானது?"

"அதிகச் சுமையால் சார்."

நான்காவது "ஏன்"னைத் தரக்கட்டுப்பாட்டுத் துறை எடுத்துக்கொண்டது. ஆறு ஏன் இடப்பக்கம் ஓடுகிறது என்று அது கேட்டது. ஐந்தாவது "ஏன்", யாருக்கும் ஏன் குரல் கேட்கவில்லை என்பதில் செலவாகிப்போனது. மாலையில் மீண்டும் கூடுவது என ஒருமனதாக முடிவாயிற்று.

வேலைத்தள மேற்பார்வையாளர் வாசலில் நின்றார். "சார், தண்ணி நாம நினைச்சதைவிட வேகமா ஏறுது."

"கூட்டக் குறிப்புல சேத்துக்கறேன்," என்றார் டாக்டர். சேர்த்தும் கொண்டார்.

மாலைக் கூட்டத்தில், புது மோட்டாரை லாரியில் "அனுப்புவது" என்று எழுதுவதா, "அனுப்பலாம்" என்று எழுதுவதா என்று சூடான விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, கொட்டகை ஜன்னலுக்கு வெளியே செயின் வண்டி போயிற்று. கோடு போட்டது போல நேராகப் போயிற்று.

டாக்டர் எழுந்து ஓடினார். ஆபரேட்டர் கையில் ஒரு ஸ்பேனர். இடது செயினை இறுக்கிப் பிடிக்கும் கிரீஸ் வால்வைக் கால் சுற்றுத் தளர்த்தியிருந்தார், அவ்வளவுதான். கிரீஸ் புழுப்போல வெளியே நெளிந்து கிடந்தது. செயின் நிம்மதியாகத் தொங்கியது.

டாக்டர் கொட்டகைக்குத் திரும்பினார். "சார், வண்டி நேராப் போகுது."

"அதுக்கு இன்னும் ஒப்புதல் ஆகலையே," என்றார் மண்டல மேலாளர்.

டாக்டருக்கு உள்ளுக்குள் ஒரு நியாயமான கோபம் மூண்டது. செயினை இப்படி மூச்சுத் திணற இறுக்கிவைத்த மடையன் யார்? வண்டியின் சர்வீஸ் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார். கடைசிப் பதிவு ஒரு மாதம் முந்தையது. "இடது செயின் சிறப்பாக இறுக்கப்பட்டது." கீழே கம்பீரமான கையெழுத்து, அதற்கும் கீழே இரண்டு கோடுகள். வீட்டுக் கடன் விண்ணப்பத்தில்கூட அவர் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

பதிவேட்டை மெதுவாக மூடிவைத்தார்.

ஆபரேட்டர் வண்டியைவிட்டு இறங்காமல் வேலை செய்தார். மூன்றாம் நாள் மதியத்துக்குள் கரை எழுந்துவிட்டது, கிழக்கு மூலையில் முப்பது மீட்டர் தவிர. அந்த முப்பது மீட்டர் வழியாகத் தண்ணீர் தெருவுக்குள் இறங்கியது. முதல் வீடு ஆபரேட்டருடையது.

டாக்டர் பேண்ட்டை மடித்துக்கொண்டு உள்ளே போனபோது முழங்கால் அளவு தண்ணீர். ஆபரேட்டர் தையல் மெஷினைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். இருவரும் அதைக் கட்டில் மேல் ஏற்றினார்கள்.

"போன மாசம் அந்தச் செயினை இறுக்கினது நான்தாம்மா."

"தெரியும் சார். நான்தானே பக்கத்துல நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"இறுக்கமா இருக்குன்னு முதல் நாளே சொன்னேனே சார். யார் இறுக்கினாங்கன்னு நீங்க கேக்கல." ஈரத் துணி மூட்டையை அவர் கையில் கொடுத்தார். "இதையும் மேல வைங்க."

மறுநாள் டாக்டர் பழுது அறிக்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். "பழுதுக்குக் காரணம்" என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள்: ஆபரேட்டர், மண், மழை, வாடிக்கையாளர். பதினாறு ஆண்டுகளில் முதல் கட்டத்தில் அவர் எத்தனை டிக் போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. டிக் விழுந்தவர்கள் அப்புறம் என்ன வேலைக்குப் போனார்கள் என்றும் தெரியாது. அவர் கேட்டதில்லை. ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்தார். பக்கத்தில் "என்ஜினீயர், அதாவது நான்" என்று எழுதி, டிக் போட்டு அனுப்பினார்.

ஒரே வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே நாளில் இரண்டு ஆய்வுக் கூட்டங்களை முன்மாதிரியாக நடத்தியமைக்கு முதல் பத்தியில் மனமார்ந்த பாராட்டு. இரண்டாம் பத்தியில் மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். வண்டியைக் கெடுத்ததற்கு அல்ல. ஒரு தெருவுக்குள் தண்ணீர் புகுந்ததற்கும் அல்ல. அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில் அனுமதியின்றிக் கட்டம் வரைந்ததற்கு.

திருத்திய படிவம் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். அதில் ஆபரேட்டர் என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. டாக்டரின் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

டாக்டர் அந்த டிக்கின் மேல் கோடு கிழித்து அதை நீக்கினார். மறுபடியும் ஸ்கேலை எடுத்தார். இந்த முறை கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தார், தலைமை அலுவலகமும் உள்ளே கொள்ளும் அளவுக்கு.