டிகாஷன் சார் பாலை விட்ட கதை

இந்த உலகத்தில் பால் என்ற ஒன்று உண்டானதே டிகாஷன் சாரின் காபிக்காகத்தான். குழந்தைகள், கன்றுக்குட்டிகள் எல்லாம் நடுவில் வந்து பங்கு கேட்டவர்கள். இப்படித்தான் அவர் மனதார நம்பினார். எதிர் வீட்டில் இத்தனை வருடம் இருந்து பார்த்ததில் நானும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இரும்புலியூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை உண்டு. அதிலுள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி, கணக்கு டீச்சராக இருந்தவர். எங்களைப் போலவே சாரும் அவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். தரைத்தளத்துக்காரர்கள் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். முதல் மாடியில் இருக்கும் சாரும் ஒரு முன்ஜாக்கிரதைக்காக மொட்டை மாடிக்கே போனார், பித்தளை ஃபில்டரையும் காபிப் பொடி டப்பாவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"ஏங்க, நகையெல்லாம் பீரோவுலயே இருக்கே?" என்றார் டீச்சர்.

"நகை நனைஞ்சா தொடைச்சுக்கலாம் டீச்சர். காபிப் பொடி நனைஞ்சா என்ன பண்ணுவே?"

பீர்க்கன்கரணையில் உறவுக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனபோது இவரையும் மரியாதைக்குக் கூட்டிப்போனார்கள். பெண்ணைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். "பொண்ணு தங்கம். ஆனா பால் நேத்து காய்ச்சினது" என்றார், பெண்ணின் அப்பா காதில் விழும்படி. கல்யாணம் எப்படியோ நடந்தது. பந்தியில் சாருக்கு மட்டும் காபி வரவில்லை.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் பாலை விட்டார்.

சாரும் டீச்சரும் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். அதை ஒறுத்தல் என்பார்கள். டீச்சர் வருடா வருடம் இனிப்பை விடுவார். சார் விடுவது எல்லாம் ஜென்மத்தில் தொடாத பொருள்கள். ஒரு வருடம் பாகற்காய். இன்னொரு வருடம் வெற்றிலை பாக்கு. "பெரிய தியாகம்!" என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிடுவார். தப்பித்தவறி மசால் வடையை விட்ட வருடத்தில், ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் சேராது என்று சட்டம் பேசி, ஞாயிறுதோறும் வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இந்த முறை அப்படி இல்லை. டீச்சருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. டாக்டர் முதலில் மாத்திரை கொடுத்து, பிறகு ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். டீச்சர் பதற்றப்படவில்லை. சார்தான் பதறினார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்றே கோயிலில் முழந்தாளிட்டு, டீச்சருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, ஈஸ்டர் வரைக்கும் காபியில் பால் சேர்க்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டுவிட்டார். "ஞாயித்துக்கிழமை உண்டுதானே சார்?" என்று கேட்டேன். "ஞாயிறும் கிடையாது" என்றார். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை பால் பாக்கெட் போடும் ஏழுமலை எங்கள் கதவைத் தட்டினார். "இன்னா சார், எதிர் வூட்டு சார் பால் வாணாம்ங்கறாரு? உடம்பு கிடம்பு சரியில்லியா? பேஜாரா கீது சார்." தெருவே கவலைப்பட்டது.

வெறும் டிகாஷனை இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் அவருக்குள் இருந்த அந்த மசால் வடை வக்கீல் விழித்துக்கொண்டார். "எழுத்தாளரே, நான் விட்டது மாட்டுப் பால். செடி, கொடி, மரம் பத்தி ஆண்டவர்கிட்ட நான் ஒண்ணும் பேசலையே!" என்றார், கதை எழுதும் என்னிடம்.

குரோம்பேட்டை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பை பையாக வந்தது. நான்தான் பரிசோதனை எலி. சோயா பாலைச் சூடான டிகாஷனில் விட்டதும் அது திரிந்து தனித்தனியாகப் பிரிந்து நின்றது. பாதாம் பாலில் காபியே தெரியவில்லை. தேங்காய்ப் பால் விட்டதைக் குடித்துவிட்டு, "ஆப்பம் எங்கே?" என்று கேட்டார். ஓட்ஸ் பால் விட்டது கஞ்சி. "ஜுரம் வந்தா சொல்றேன், அப்ப கொடு" என்று டீச்சரிடம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் ஒரு டப்பா வந்தது. பால் அல்லாத கிரீமர், தாவர எண்ணெயில் செய்த வெள்ளைப் பொடி. அதைப் போட்டால் காபிக்குப் பால் காபியின் நிறம் வந்தது. நிறம் மட்டும்தான் வந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரை நக்கிய மாதிரி ஒரு ருசி. ஆனாலும் சார் தினமும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடித்தார்.

ரிப்போர்ட் வருவதற்கு முந்தின நாள். டீச்சருக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது, எதையாவது படிக்க வேண்டும். பேப்பர் முடிந்து, காலண்டர் முடிந்து, கிரீமர் டப்பாவை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, இதுல பால் புரதம் இருக்குன்னு பொடி எழுத்துல போட்டிருக்கே?"

சார் டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சு. எல்லாம் போச்சு. நான் ஏமாத்திட்டேன்னு ஆண்டவர் நெனைச்சுப்பாரு டீச்சர். நாளைக்கு ரிப்போர்ட்..." எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

டப்பா, டிகாஷன், ஃபிளாஸ்கில் வெந்நீர், கூடவே நான். எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பங்குச் சாமியார் இளைஞர். பொறுமையாகக் கேட்டார்.

"சார், பால் ருசி வேணும்னுதானே இதைக் குடிச்சீங்க? ருசி வந்துச்சா?"

"அது மட்டும் வரவே இல்ல ஃபாதர்."

"எங்கே, ஒரு வாய் கொடுங்க."

சார் அங்கேயே கலந்து கொடுத்தார். ஃபாதர் ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"சார், பயப்படாம வீட்டுக்குப் போங்க. இது ஒறுத்தல்தான். நல்ல கடுமையான ஒறுத்தல்."

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. சார் மாடிப்படியிலேயே உட்கார்ந்து சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் உடனே பால் வாங்கிக் காய்ச்சி, நுரை ததும்பக் காபி கொண்டு வந்தார். "ஈஸ்டர் இன்னும் வரலியே டீச்சர்" என்று அதை என்னிடம் தள்ளிவிட்டார். நான் குடித்து முடிக்கும் வரை என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்டர் அன்று காலை அவர் குடித்த காபிகளை எண்ண யாருக்கும் தைரியம் வரவில்லை.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் என் நெஞ்சு ஸ்கேனில் ஏதோ நிழல் தெரிகிறது என்று இன்னொரு பரிசோதனை எழுதிக்கொடுத்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். தூக்கமில்லாமல் விடிந்த ஒரு காலையில் வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சார் டம்ளரும் கையுமாக உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடி ஒரு மடக்குக் குடித்து, உடம்பை உலுக்கிக்கொண்டார். பக்கத்தில் அந்தக் கிரீமர் டப்பா.

"என்ன சார் இது? இப்போ தவக்காலம்கூட இல்லையே?"

சார் இன்னொரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உனக்கு ரிப்போர்ட் எப்போ வருது?"

அன்று மத்தியானமே ரிப்போர்ட் கிடைத்தது. பழைய சளித் தழும்பு, வேறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். பிறகு, வழியில் ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்குக்கூடப் போகாமல் எதிர் வீட்டு மணியை அடித்தேன்.