கடல் பார்க்காத மாலுமியின் சங்கம்

கடலைப் பற்றி முழுசாகத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் குன்னூரில் இருந்தார். கடலைப் பார்த்ததே இல்லை. மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் இறங்கினாலே கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, தலையில் குரங்குக் குல்லாயும் மடியில் பிளாஸ்டிக் பையுமாக உயிருக்குப் போராடுவார். அவரைத்தான் நாங்கள் மாலுமி என்று கூப்பிட்டோம்.

தொழில், டீமேக்கர். தேயிலை ஃபேக்டரிக்குள் பச்சை இலை வந்து இறங்கியதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும்வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. உழைப்பு இலைக்கு, பக்தி முழுக்க ஒரு வெள்ளைக்காரக் கதாசிரியருக்கு. அந்தக் காலத்தில் கப்பல், புயல், கொள்ளையர், ஆளில்லாத தீவு என்று எழுதித் தள்ளியவர். பெயரை நான் சொல்லப்போவதில்லை, மாலுமியே சொல்ல மாட்டார். ‘ஆசிரியர்’ என்பார், கையைக் கட்டிக்கொண்டு. நாங்கள் படித்ததெல்லாம் மலிவுப் பதிப்புத் தமிழாக்கம். பாதிக் கதையை மொழிபெயர்த்தவர் விழுங்கியிருப்பார். கடைசிப் பக்கங்களைக் கரையான் விழுங்கியிருக்கும். அந்தப் பக்கங்களில் என்ன நடந்தது என்பதை மாலுமியே இட்டுக்கட்டிச் சொல்வார். எல்லாக் கப்பலும் பத்திரமாகக் கரை சேரும்.

அப்போது டீ விலை படுத்துக் கிடந்தது. நான் ஏலப் புரோக்கர் ஆபீஸில் குமாஸ்தா. மூட்டைகள் ஏலத்துக்கு வரும், கேட்க ஆளில்லாமல் அப்படியே திரும்பிப் போகும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சின்ன விவசாயிகள் இலையைக் கிள்ளாமல் விட்டதில் செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. மாலுமியின் முதலாளி, “கொஞ்ச நாள்தான், விலை ஏறட்டும்” என்று சொல்லி ஃபேக்டரியைப் பூட்டி, சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுக் கோயமுத்தூருக்குப் போய்விட்டார். சம்பளத்தைப் பற்றி அவர் பேசவில்லை. இவர் கேட்கவும் இல்லை.

மாலுமி தினமும் போனார். ரோலருக்கு எண்ணெய் விட்டார், டிரையரைத் துடைத்தார், சல்லடைகளைத் தட்டினார். ஃபேக்டரி திறக்கிற அன்றைக்கு மெஷின் முக்காமல் முனகாமல் ஓட வேண்டும், அதன் முன்னால் தான் நிற்க வேண்டும். அதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை கிடையாது. விலை இப்போதைக்கு ஏறாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். “நீங்க கரையில நிக்கிற ஆளுங்க. காத்து எப்பத் திரும்பும்னு உங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். எரிச்சலாக வந்தது. தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு என்ன கரை, என்ன காத்து?

ஆசிரியருக்கென்று மாலுமி ஆரம்பித்த எங்கள் சங்கம் சனிக்கிழமை மத்தியானங்களில் அந்த ஃபேக்டரி மாடியில் கூடியது. இலையை வாடப் போடுகிற நீளமான மாடி. இலை இல்லாததால் எங்களை வாடப் போட்டிருந்தார். ஜன்னல் வழியாக மூடுபனி நுழைந்தால், “தண்ணி உள்ள வருது, சாத்துங்க!” என்று கத்துவார். மொத்தம் நாலு பேர். அவர், நான், மார்க்கெட் டெய்லர் ராஜு, புஷ்பராணி அக்கா. அக்கா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர். இங்கே எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். எங்களில் நிஜமாகவே கப்பல் ஏறியவர் அவர் ஒருவர்தான்.

“கடலு எப்படிங்க இருந்துச்சு?” என்று மாலுமி ஏங்கிப்போய்க் கேட்டார்.

“எங்க அண்ணே பாத்தேன்? ஏறினதிலேருந்து எறங்குற வரைக்கும் சத்தி எடுத்துக்கிட்டே கெடந்தேன்.”

மாலுமிக்கு மேட்டுப்பாளையம் பஸ் வாந்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அக்காவை அன்றைக்கே உபதலைவராக்கினார்.

சங்கத்தின் ஒரே சடங்கு, அறிமுகம். அதே நாலு பேர்தான். ஆனாலும் வாராவாரம் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். “ஏனுங்க, போன வாரந்தான சொன்னேன்?” என்று டெய்லர் முனகுவார். “போன வாரம் வந்த ஆளு நீங்கதான்னு என்னுங்க நிச்சயம்? சொல்லுங்க” என்பார் மாலுமி. முதலில் பெயர். பிறகு, ஆசிரியரை எங்கே, எந்தக் கதையில் கண்டுகொண்டோம் என்பது. பிறகு, புயலில் பாய்மரம் முறிந்தால் நாம் என்ன செய்வோம் என்பது. தொழில் கடைசியில். முதலிலேயே தொழிலைச் சொன்னால் எதிரில் இருப்பவன் அதைவைத்து ஆளை எடை போட்டுவிடுவானாம், அப்புறம் எந்தப் புயலும் அவன் காதில் ஏறாதாம்.

ஒரு சனிக்கிழமை, டெய்லர் தன் அறிமுகத்தில், முறிந்த பாய்மரத்தின் கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தபோது (வாராவாரம் அவர் அதைத்தான் செய்வார்), படியேறி ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் அளவு டேப்பு. கதவருகே நின்று கேட்டவர், “அந்தக் கதையில வர்றது புயல் இல்லீங்களே, சுழலுதானுங்களே?” என்றார்.

மாலுமி பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சங்கம் ஆரம்பித்ததிலிருந்து தானாக வந்த முதல் ஆள்!

“உள்ள வாங்க! அறிமுகம் பண்ணிக்கோங்க!”

“பேரு குப்புராஜுங்க. கோயமுத்தூரு. நான் இங்க எதுக்கு வந்தன்னா...”

“அது கடைசீங்க! ஆசிரியரை எங்க பாத்தீங்க?”

பழைய பேப்பர் கட்டு ஒன்றில் பார்த்தாராம். எடைக்கு வந்த புத்தகத்தை எடைக்குப் போட மனசு வராமல் எடுத்துவைத்தாராம். அதிலிருந்து தேடித் தேடி எல்லாக் கதைகளையும் படித்துவிட்டாராம், கரையான் தொடாத கடைசிப் பக்கங்கள் உட்பட. மாலுமி கரை சேர்த்த ஒரு கப்பலைப் பேச்சோடு பேச்சாக, “அது முழுகிடுதுங்களே” என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கொலை விழுந்திருக்கும். மாலுமியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படிங்க முழுகுது? நிதானமாச் சொல்லுங்க” என்றார்.

இரண்டு பேரும் கண் கலங்கப் பேசினார்கள். நாங்கள் மூவரும் கல்யாண வீட்டில் தெரியாத்தனமாகப் பெண் வீட்டார் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தோம். குப்புராஜ் நடுவில் இன்னொரு தடவை, “நான் வந்த சோலி என்னன்னா...” என்று இழுத்தார். “கடைசீங்க, கடைசி! மொதல்ல எங்க கப்பலைப் பாருங்க” என்று மாலுமி அவரைக் கீழே இழுத்துப் போனார். ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். எங்கே பித்தளை, எங்கே வார்ப்பிரும்பு, எந்த பேரிங் புதுசு, எதில் ஒரு பொட்டுத் துரு இல்லை என்று பெண்ணுக்கு நகை காட்டுகிற மாதிரி காட்டினார். குப்புராஜ் வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சட்டைப்பை டேப்பைக் கையால் மூடிக்கொண்டார்.

“இப்பச் சொல்லுங்க, தொழில்?” என்றார் மாலுமி, மூச்சு வாங்க.

“பழைய இரும்புங்க.” அவர் தரையைப் பார்த்தார். “உங்க மொதலாளி இதையெல்லாம் எனக்கு வித்துட்டாருங்க. அளவெடுக்க வந்தன். உங்களுக்குச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சனுங்க.”

முதலாளி சொல்லவில்லை. சாவி கொடுக்கத் தெரிந்த மனிதனுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை.

மாலுமி ரோலரை ஒரு தடவை துண்டால் துடைத்தார். பிறகு, “டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். சங்கத்தில் அறிமுகமான ஆளை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான்.

அடுத்த வாரம் ஆட்கள் கேஸ் கட்டரோடு வந்தார்கள். மாலுமி குறுக்கே நின்றார். “வெட்டாதீங்க. நானே கழட்டித் தர்றேன். முழுசாப் போனா எங்கியாவது ஓடும்.” குப்புராஜ் தலையாட்டினார். ஒவ்வொரு போல்ட்டாக மாலுமி கழற்றினார். கழற்றியதைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சாக்கில் கட்டினார். மலையில் பாதி ஃபேக்டரி மூடிக் கிடக்க, ஓடுகிற மெஷினை வாங்க யார் இருந்தார்கள்? எல்லாம் கோயமுத்தூர் பழைய இரும்பு யார்டில் உடைபட்டு, உருக்கத்தான் போனது. குப்புராஜ் அதை என் ஆபீஸுக்குப் போன் பண்ணி என்னிடம் சொன்னார். மாலுமியிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் சொல்லவில்லை.

அப்புறம் சங்கம் டெய்லர் கடையில் கூடியது. துணி மூட்டைகளுக்கு நடுவே மாலுமி வழக்கம்போல முதலில் எழுந்தார். பெயர் சொன்னார். ஆசிரியரைச் சொன்னார். பாய்மரம் முறிந்தால் என்ன செய்வேன் என்று விலாவாரியாகச் சொன்னார். தொழிலைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார்.

“டீமேக்கர்னு சொல்லுங்கண்ணே, யாரு கேக்கப் போறா?” என்றார் புஷ்பராணி அக்கா.

“சங்கத்துல பொய் சொல்லக் கூடாதுங்க” என்றார் மாலுமி. நின்றபடியே இருந்தார்.

நான் எழுந்து, தொழில் சொல்கிற விதியை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். டெய்லர் ஊசியோடு கையைத் தூக்கினார். அக்கா இரண்டு கையையும் தூக்கினார். அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் யாருக்கும் தொழில் கிடையாது. பெரிய கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. அவர் ஒருவர் மட்டும் வேலை இல்லாதவராக நிற்பதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.