லண்டன் மாப்பிள்ளையும் மேஜைச் சட்டமும்

ஸ்பெயினில் எங்கள் அல்பசேத்தே ஊரில் ஃபெர்மினுக்கு 'லண்டன் மாப்பிள்ளை' என்று பெயர். மாமனார் வீட்டில் வைத்த பெயர். இத்தனைக்கும் அவன் லண்டனில் இருந்தது ஒரே ஒரு கோடைக்காலம். கல்யாணத்துக்கு முன்னால். திரும்பி வந்து, "பெரிய ஹோட்டல்ல மேனேஜருக்கு அடுத்த ஆளா இருந்தேன்" என்றான். பொய்யில்லை. மேனேஜருக்குப் பக்கத்தில்தான் நின்றான். இருவருக்கும் நடுவில் எச்சில் தட்டு மலைபோல் குவிந்து கிடந்தது, அவ்வளவுதான். ஹோட்டல் முதலாளியும் நம் ஸ்பெயின்காரர். சமையல்காரரும் ஸ்பெயின்காரர். ஆகவே ஃபெர்மின் அங்கே தேய்த்த தட்டுக்குக் கணக்கில்லை. கற்ற ஆங்கிலம் மட்டும் மூன்றே மூன்று. 'யெஸ்', 'வெரிகுட்', 'நோ ப்ராப்ளம்'.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் கௌரவமாகக் குடும்பம் நடத்திவிட்டான். சுற்றுலா வந்த வெள்ளைக்காரன் வழி கேட்க நெருங்கினால், ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுவான். லேஸ் இல்லாத செருப்புப் போட்ட நாளிலும் குனிந்திருக்கிறான்.

ஜன்னல் மறைப்பு விற்கும் கடை அவனுக்கு. ஆறு நாளும் வாடிக்கையாளர்கள் பேசுவார்கள், அவன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் முறை. மாமனாரும் மாமியாரும் மூன்று மணிக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பாடு முடிந்து காப்பி வந்தாலும் எங்கள் ஊரில் யாரும் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டோம். அங்கேயே உட்கார்ந்து பொழுது சாய்கிறவரை பேச்சு. ஃபெர்மின் வீட்டில் மட்டும் பேச்சு என்றால் ஃபெர்மின்தான். மேயரைக் கிழிப்பான். கோல்கீப்பரைக் கிழிப்பான். உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் வெங்காயம் போடுகிறவர்களை நாடு கடத்த வேண்டும் என்பான். அவன் வாழ்வதே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். மாமனார் இலாரியோ பாவம், "என்னைக் கேட்டா, வெங்காயம்..." என்று பதினாலு வருஷமாக ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார். இன்னும் முடிக்கவில்லை.

இப்படி இருக்கையில் மகன் நுன்யோ ஆங்கிலத்தில் கோட்டைவிட்டான். மகள் பிளாங்காவும் அண்ணன் வழியில் போகிற அறிகுறி தெரிந்தது.

"எதிர்வீட்ல ஒரு ஓபேர் பொண்ணை வச்சிருக்காங்க" என்றாள் மனைவி காசில்தா. "வீட்டோட தங்குவா. சாப்பாடு, கைச்செலவுக்குக் காசு. பிள்ளைங்களோட நாள் பூரா இங்கிலீஷ்ல பேசுவா. நம்மளும் ஒருத்தியை வைப்போம்."

"வெளியாள் எதுக்கு? நான் இருக்கேனே."

"நீ இருந்துதானே அவன் கோட்டைவிட்டான்? நான் மருந்துக்கடையே கதின்னு கிடக்கேன். கம்ப்யூட்டர்ல மூணு பேர் பேச வராங்க, நீயே பேசித் தேர்ந்தெடு. எனக்கு என்ன தெரியும் இங்கிலீஷு? நீதானே லண்டன்ல இருந்தவன்?"

ஃபெர்மின் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். "நோ ப்ராப்ளம்" என்றான்.

முதலில் வந்தவள் ஸ்காட்லாந்துப் பெண். ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டினாள். ஃபெர்மின் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு 'யெஸ்' போட்டான். காசில்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொல்றா?"

"அவளுக்கு நாய்ன்னா பயமாம்."

"நம்ம வீட்ல நாயே இல்லையே?"

"நாளைக்கு வாங்கினா?"

"அவ மடியிலேயே ஒரு நாய் உக்காந்திருக்கு, ஃபெர்மின்."

"அதைப் பாத்துத்தான் பயப்படறா. வேண்டாம் இவ."

இரண்டாவது ஒரு பையன். முகமெல்லாம் சிரிப்பாக, மூச்சுவிடாமல் பேசிவிட்டுக் கைகாட்டிப் போனான்.

"என்ன சொன்னான்?"

"வர இஷ்டமில்லையாம்."

"அதைச் சொல்லவா அவ்வளவு நேரம்?"

"வெள்ளைக்காரன் மரியாதை தெரிஞ்சவன். சுத்தி வளைச்சுத்தான் சொல்வான்."

"சிரிச்சுக்கிட்டே சொன்னானே?"

"உள்ளுக்குள்ள அழுதான். உனக்குத் தெரியல."

மூன்றாவதாக வந்தவள் ஓர்லா, அயர்லாந்துக்காரி. வாயைத் திறந்தாளோ இல்லையோ, காசில்தா, "ஐயையோ, அடுப்புல பருப்பு கருகுது!" என்று சமையலறைக்கு ஓடினாள். ஃபெர்மின் திரையைப் பார்த்து, "யெஸ், வெரிகுட்" என்றான்.

ஓர்லா தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். பிறகு சுத்தமான ஸ்பானிஷில், "ஐயா, உங்களுக்கு இங்கிலீஷ் சுட்டுப்போட்டாலும் வராது போலிருக்கே?" என்றாள்.

ஃபெர்மினுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நீ... ஸ்பானிஷ் பேசுவியா?"

"எங்கம்மா உங்க நாட்டுக் காதிஸ் ஊர்க்காரி. பிள்ளைங்க என்கிட்ட ஸ்பானிஷ்லயே பேசி ஏமாத்தக்கூடாதுன்னு வெளியில சொல்றதில்லை."

"அம்மா தாயே! சொல்லவே சொல்லாதே! நான் எதை உளறினாலும் தலையாட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீவு. என் காரையும் எடுத்துக்கோ. என் மானம் உன் கையில."

"ஆகட்டும்" என்றாள் ஓர்லா.

காசில்தா திரும்பி வந்தபோது ஃபெர்மின் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மூன்று வார்த்தையையும் வரிசை மாற்றி அடுக்கினான். ஓர்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்படி என்ன சொன்னே?"

"நம்ம ஊர் வெயிலைப் பத்தி ஒரு ஜோக். ஸ்பானிஷ்ல சொன்னா ருசிக்காது. காசில்தா, தேடினது கிடைச்சாச்சு. இவதான்!"

ஓர்லா பெட்டியோடு வந்து இறங்கினாள். குழந்தைகள் ஒட்டிக்கொண்டன. ஃபெர்மின் எதைச் சொன்னாலும் அவள் பணிவாகத் தலையாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, "ஃபெர்மினோட இங்கிலீஷைக் கேட்டீங்களா!" என்றார்கள். எந்தக் குறையுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

மாமனார், மாமியார், குழந்தைகள், ஓர்லா எல்லோரும் மேஜையில். ஃபெர்மின் துண்டை மடியில் விரித்து, மேயரைக் கிழிக்கத் தொண்டையைச் செருமினான். அப்போது காசில்தா கரண்டியால் டம்ளரைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. வீட்ல ஓபேர் இருந்தும் நம்ம பாஷையிலேயே பேசினா பிள்ளைங்க எப்படிக் கத்துக்கும்? இன்னிலேருந்து இந்த மேஜையில இங்கிலீஷ் மட்டும்தான். ஸ்பானிஷ் வேணும்னா சமையலறைக்குப் போய்ப் பேசிட்டு வரலாம். மேஜையில யாரு வாய்ல ஸ்பானிஷ் வருதோ, அவங்கதான் அன்னிக்குச் சட்டிபானை அத்தனையும் தேய்க்கணும்." அந்த வீட்டுப் பாத்திரம் கழுவும் மெஷினில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டிகள் நுழையாது. "கஷ்டம்தான். ஆனா நம்ம வீட்ல ஃபெர்மின் இருக்கார், சமாளிச்சுக்குவார். என்ன ஃபெர்மின்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"யெஸ்" என்றான் ஃபெர்மின்.

அன்று மூன்று மணி நேரத்தில் அவன் வாயிலிருந்து வந்தது அதுவும், இரண்டு 'வெரிகுட்'டும்தான். குழந்தைகள் ஓர்லாவோடு கலகலவென்று பேசின. மாமனார் ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியிலேயே சிரித்த முகமாகத் தூங்கிப்போனார்.

அடுத்த ஞாயிறும் அதே கதி. அந்த வாரம் மேயர் சும்மா கிடந்த சதுக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார். கோல்கீப்பர் நாலு கோல் விட்டிருந்தான். எப்பேர்ப்பட்ட வாரம்! சொல்ல வேண்டியதெல்லாம் ஃபெர்மினுக்கு நெஞ்சுவரை வந்து நின்றது. தூக்கம் போயிற்று. கடைக்கு வந்த ஒரு கிழவியைப் பிடித்து வைத்து மேயரைப் பற்றிப் பேசினான். அவள் மறைப்பு வாங்காமலேயே ஓடினாள்.

நடையில் ஓர்லாவை மடக்கினான். "இது நம்ம ஒப்பந்தத்துல இல்லையே!"

"சட்டம் அம்மா போட்டது. இங்கிலீஷ் தெரியாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்களேன்."

"தலையை வாங்கிக்கோ, அதை மட்டும் கேக்காதே!"

காசில்தாவிடம் போனான். "உங்கப்பாவைப் பாத்தா பாவமா இருக்கு. வயசான மனுஷன், மேஜையில ஊமையா உக்காந்திருக்கார்."

"அப்பாவா? 'உங்க வீட்டுச் சாப்பாட்டுல உப்பு இருக்குன்னு இப்பத்தான்மா தெரியுது'ன்னு சொல்லிட்டுப் போனார்."

அதற்கடுத்த ஞாயிறு. மேஜை நடுவில் உருளைக்கிழங்கு ஆம்லெட் வந்து உட்கார்ந்தது. மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். பேரன் நுன்யோ அவர் காதில் ஏதோ ஓதினான். கிழவர் மெல்ல எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்தார்.

"ஆம்லெட்" என்றார். "ஆனியன். வெரிகுட்!"

பதினாலு வருஷ வாக்கியம் முடிந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தைகள் கைதட்டின. ஓர்லா கைதட்டினாள்.

ஃபெர்மின் ஆம்லெட்டைக் கத்தியால் விலக்கிப் பார்த்தான். உள்ளே வெங்காயம். அவன் வீட்டில். அவன் மேஜையில். அவனுடைய 'வெரிகுட்'டை வைத்தே!

அணை உடைந்தது.

"வெங்காயம் போட்டா அதுக்குப் பேர் ஆம்லெட்டா? மனுஷன் திங்கிறதா அது?" என்று துள்ளி எழுந்தான், அப்பட்டமான ஸ்பானிஷில். "போதும்! என்னால முடியாது! எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மாமா! ஒரு எழவும் தெரியாது! அந்தப் பையன் அழவும் இல்லை, அந்தப் பொண்ணுக்கு நாய்னா பயமும் இல்லை! லண்டன்ல நான் மேனேஜரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! ஒரு கோடை முழுக்கத் தட்டு தேய்ச்சேன்! சட்டி தேய்ச்சேன்! தீஞ்சுபோன அண்டாவெல்லாம் தேய்ச்சேன்! பேச விடுங்க என்னை! அந்த மேயர் இருக்கானே, அவன்..."

மேயரைக் கிழித்தான். கோல்கீப்பரைக் கிழித்தான். மூச்சு வாங்க உட்கார்ந்தபோது சுகமாக இருந்தது, தலைக்குக் குளித்த மாதிரி. எல்லோரும் அதிர்ச்சியில் உறைந்திருப்பார்கள் என்று நிமிர்ந்து பார்த்தான். மாமனார் இன்னொரு துண்டு ஆம்லெட் எடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

காசில்தா எழுந்தாள். சமையலறைப் பக்கம் விரலைக் காட்டினாள். ஃபெர்மின் பின்னாலேயே போனான்.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"தேனிலவுல வெள்ளைக்காரன் நேரம் கேட்டான், நீ செருப்புக்கு லேஸ் கட்டினே. அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஓர்லா?"

"உன்கிட்டப் பேசறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே என்கிட்டப் பேசியாச்சு. நல்ல பொண்ணு."

"அன்னிக்குப் பருப்பு கருகுதுன்னு ஓடினியே!"

"அன்னிக்கு நான் அடுப்பே பத்த வைக்கலை, ஃபெர்மின்."

ஃபெர்மின் சுவரில் சாய்ந்தான். தொட்டி நிறைய, மேடை நிறைய, தரையிலும்கூட ஞாயிற்றுக்கிழமைச் சட்டிபானைகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. காசில்தா தன் ஏப்ரனை அவிழ்த்து அவன் கழுத்தில் மாட்டினாள். முதுகுப்பக்கம் இறுக்கி ஒரு முடிச்சும் போட்டாள். அப்போதுதான் அவள் குரலில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"இங்கிலீஷ் விஷயம் எனக்குத் தெரியும். ஆனா அடப்பாவி மனுஷா, பாத்திரம் தேய்க்கத் தெரியும்கிறதைப் பதினாலு வருஷமா என்கிட்ட மறைச்சுட்டியே!"