பெரியப்பாவின் கல்வெட்டும் ஒரு செத்துப்போன இயங்குதளமும்

என் உறவினர்கள் எல்லோரையும் ஒரே நாளில் சாகடித்தவன் நான். பெரியம்மா, சித்தப்பா, கனடாவில் இருக்கிற மச்சான்மார், பெயர் வைத்து ஒரு கிழமைகூட ஆகாத ஒரு கைக்குழந்தை என்று ஒருவரையும் விடவில்லை. என்னையும் சேர்த்துத்தான். (பொலிஸ் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கு நானே போய் ஜீப்பில் ஏறியிருப்பேன்.)

அதற்கு முன் என் வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு ஒரு செத்துப்போன இயங்குதளம். நான் முதன்முதலில் தொட்ட கணினி அதில்தான் ஓடியது. அதைச் செய்த கம்பனி ஒரு நாள் இனி இது இல்லை என்று அறிவித்துவிட்டுக் கையைக் கழுவியது. மூலநிரலை யாருக்கும் கொடுக்கவுமில்லை. அதைப் பொறுக்க முடியாத சிலர் உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்து ஒன்றுசேர்ந்து, அதே மாதிரியான ஒன்றை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினோம். யாரும் எடுத்து இலவசமாகப் பாவிக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பழைய மென்பொருட்கள் எங்கள் தளத்தை அசல் என்று நம்பி ஓட வேண்டும் என்பதுதான் இலட்சியம். பிரேசிலில் ஒருவன், போலந்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, இன்னும் நாலைந்து பேர், திருகோணமலையில் நான். என் மனைவி இதைப் பிணத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை என்பாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எத்தனையோ வருட உழைப்புக்குப் பிறகும் எங்கள் தளத்தை ஒருவர்கூட உருப்படியான வேலைக்குப் பாவித்ததில்லை. எங்காவது ஒரு கடையில், ஒரு அரசாங்கக் கந்தோரில், அது உண்மையாக ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற என் பெரியப்பா காலமானார். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, சின்னப் புத்தகம்தான். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்புவதாக யாரோ எழுதிக்கொடுக்கும் பாட்டு, நடுப்பக்கத்தில் குடும்ப மரம். மரத்தில் செத்தவர்களுடைய பெயருக்கு முன்னால் மட்டும் ‘அமரர்’ என்று இருக்கும்.

எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் உட்துறைமுக வீதியில் அச்சகம் வைத்திருக்கிற யோகண்ணைதான். அவரிடம் இதற்கென்றே ஒரு பழைய மென்பொருள் இருந்தது. ஆட்களுடைய பிறந்த திகதி, இறந்த திகதி எல்லாம் அடித்துக் கொடுத்தால் தானாகவே கோடு போட்டுக் குடும்ப மரத்தைக் கீறி, இறந்த திகதி உள்ளவர்களுக்கெல்லாம் அமரர் போட்டுவிடும். எழுதியவர் எப்போதோ லண்டனுக்குப் போய்விட்டார். அது ஓடியது, நீங்கள் நினைப்பது சரி, என்னுடைய அந்தச் செத்துப்போன இயங்குதளத்தில். உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த அவருடைய கணினி பெரியப்பாவுக்குப் பின்னால் ஒரு கிழமையில் தானும் கண்ணை மூடியது.

“புது மெசினில இது ஓடாதாம் தம்பி. கொழும்பிலயும் கேட்டுப் பாத்தனான். அந்தச் சிஸ்டமே இப்ப இல்லையாம்” என்றார் யோகண்ணை.

“இருக்கண்ணை. நாங்கள் திருப்பி எழுப்பியிருக்கிறம்.”

“எதுக்கு இந்தக் கரைச்சல். இந்த முறை மரத்தைக் கையால கீறித் தரட்டே?”

“ஏன் கையால? என்னட்ட விடுங்கோ.”

(என்னட்ட விடுங்கோ என்று நான் சொன்ன காரியங்களின் வரலாற்றை என் மனைவியிடம் கேட்டால் நாள் முழுக்கச் சொல்லுவாள்.)

அன்று பின்னேரம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எந்தப் படம் போடுவது, எந்தத் தேவாரம் போடுவது என்று ஒன்றும் கேட்கவில்லை. சுதா அண்ணாவைப் பற்றித்தான் கதைத்தார். சுதா அண்ணா அவருடைய மூத்த மகன். யுத்தம் முடிகிற காலத்தில் ஒரு காலை வேலைக்கென்று போனவர் வீடு திரும்பவில்லை. பெரியம்மா போகாத முகாம் இல்லை, படியேறாத கந்தோர் இல்லை. பல வருடங்கள் கழித்து, காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம், வாருங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். பெரியம்மா படலையை மறித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு குடும்பத்தில் யாருடைய கல்வெட்டு அடித்தாலும் பெரியம்மா அச்சகத்துக்குத் தானே போய் நின்று, சுதாவின் பெயருக்கு முன்னால் அமரர் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். இந்த முறை சாவுத் துடக்கு, முப்பத்தோராம் நாள் கழியும்வரை அவர் வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது.

“அவன்ர பேருக்கு முன்னால அந்தச் சொல் வரக்கூடாது. நீ பக்கத்தில நிண்டு பார்” என்றார்.

“ஓம் பெரியம்மா. நானே பாக்கிறன்.”

நான் பார்த்தேன். அதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அச்சகத்துப் புதுக் கணினியில் எங்கள் தளத்தை ஏற்றி, பழைய மென்பொருளைத் திறந்து, எல்லோருடைய விபரத்தையும் அடித்தோம். திரையில் சுதா அண்ணாவின் இறந்த திகதிப் பெட்டி வெறுமையாக இருந்தது. அதைப் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். பிறகு அச்சு இயந்திரம் இரைந்து ஓடத் தொடங்கியதும் சந்தோசத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. எங்கள் தளம் உலகத்தில் முதன்முதலாக ஓர் உண்மையான வேலை செய்கிறது. நான் வீடியோ எடுத்தேன், யோகண்ணையை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன், நடுப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். யோகண்ணை முன்பக்கத்தையும் தேவாரத்தையும் பிழை பார்த்தார். மரம் என் பொறுப்பு. நான் அதைத் தூக்கிப் பிடித்தேனே தவிர வாசிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கடற்கரையில் கிரியை முடிந்து, ஐயர் போய், சனம் பந்தலுக்குள் கதிரைகளில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது. தாம்பாளத்தில் வைத்துக் கல்வெட்டைக் கொடுத்து முடித்தேன். அந்த நேரம் பிரேசில்காரனிடமிருந்து செய்தி வந்தது. வாழ்த்துகள், உங்கள் எழுத்து மிக அழகு என்று எழுதிவிட்டு ஒன்று கேட்டிருந்தான்: எல்லாப் பெட்டியிலும் முதலில் ஒரே சொல் வருகிறதே, அது உங்கள் குடும்பப் பெயரா?

படத்தைப் பெரிதாக்கினேன். அமரர் பெரியப்பா, சரி. அமரர் பெரியம்மா. அமரர் சித்தப்பா. அமரர் கைக்குழந்தை. அமரர் நான். வெறுமையான பெட்டியைத் திரை வெறுமையாகவே காட்டியிருக்கிறது. ஆனால் அச்சுக்கு அனுப்புகிற பகுதி அதைப் பூச்சியமாக்கி, அந்தப் பூச்சியத்தைக் கணினி நாள் எண்ணத் தொடங்குகிற பழைய காலத்துத் திகதி என்று நம்பி, எல்லோரையும் கொன்றிருக்கிறது. அந்தக் கணக்கில் எங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே இறந்திருந்தோம். அச்சுக்கு அனுப்புகிற பகுதியை எழுதியவன் நான்.

“டேய்” என்றார் சித்தப்பா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு. “நான் எப்ப செத்தனான்?”

பந்தலுக்குள் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. மாமி கைக்குழந்தையின் பெயரைப் பார்த்து ஒப்பாரி வைத்தார். நெஞ்சு ஒப்பரேசன் செய்திருந்த மாமா, “எனக்கு நாளைக்குக் கிளினிக் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போனார். யோகண்ணை, “நான் கையால கீறட்டே எண்டு கேட்டனான்” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு சமையல் நடந்த குசினிப் பக்கத்தால் மறைந்தார்.

நான் பெரியம்மாவிடம் ஓடினேன். பாயில் இருந்தார். மடியில் கல்வெட்டு விரிந்திருந்தது. விரல் ஒரு பெயரில் நின்றது.

“பெரியம்மா, அது மெசின்...”

“பேனை ஒண்டு தா.”

கொடுத்தேன். சுதா அண்ணாவின் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லை, தாள் கிழியாமல், எழுத்துத் தெரியாமல் போகும்வரை மெதுவாக மூடினார். பிறகு நிமிர்ந்து, “மற்றதுகளையும் கொண்டா” என்றார்.

பந்தலில் இருந்தவர்களிடம் வாங்கினேன். படலையில் முச்சக்கரவண்டி ஏறிய ஆட்களை மறித்து வாங்கினேன். நெஞ்சு ஒப்பரேசன் மாமாவைத் தேடிச் சைக்கிளில் பஸ் நிலையத்துக்கே போனேன். பஸ் யன்னலால் புத்தகத்தைத் தந்துகொண்டே, “செத்தவனிட்டயும் பறிக்கிறியோ?” என்று கேட்டார். நான் அதை வாங்கிச் சைக்கிள் கூடைக்குள் போட்டேன்.

திரும்பி வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. பெரியம்மா ஒவ்வொன்றாக எடுத்து அதே இடத்தை மூடிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பேனையோடு பக்கத்தில் இருந்தேன்.

“வேண்டாம்” என்றார். “நீ பாத்தது போதும்.”

அவர் அதற்குப் பிறகு என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒரே ஒரு வேலையைத்தான் அவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். கடைசிப் புத்தகம் வந்தபோது, “பெரியம்மா, உங்கட பேருக்கும் வெட்டி விடுவம்” என்றேன். அவர் தன் பெயரைச் சற்று நேரம் பார்த்தார்.

“அது கிடக்கட்டும். அதில பிழையில்லை.”

அன்றிரவே பிழையைத் திருத்திவிட்டேன். இனி எங்கள் தளத்தில் வெறுமை வெறுமையாகவே இருக்கும். இந்தச் சின்ன விடயத்துக்கு இவ்வளவு சோதனைகள் எழுத வேண்டுமா என்று போலந்து ஆசிரியை கேட்டார். தெரியாது என்பதும் இறந்துவிட்டார் என்பதும் ஒன்றல்ல என்று பதில் எழுதினேன்.

குடும்பம் என்னை மன்னித்துவிட்டது. ஆனால் விட்டுவிடவில்லை. கனடாவிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்தால், “அமரர் கதைக்கிறன்” என்றுதான் தொடங்குவான். நெஞ்சு ஒப்பரேசன் மாமா ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் தான் இன்னும் செத்தபடியேதான் இருப்பதாக எனக்கு அறிவிப்பார். மனைவி சோறு போட்டுவிட்டு, “அமரரை வரச்சொல்லுங்கோ” என்று பிள்ளைகளிடம் சொல்லுவாள்.

போன பொங்கலுக்கு எல்லோரும் பெரியம்மா வீட்டில் கூடியிருந்தோம். புதிதாகக் கலியாணம் முடித்து வந்த பிள்ளை, எல்லோரும் எல்லோரையும் ஏன் அமரர் என்று கூப்பிடுகிறீர்கள் என்று பயந்து பயந்து கேட்டாள். பெரியம்மாதான் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து கல்வெட்டை எடுத்துவந்து, நடுப்பக்கத்தை விரித்து அவள் மடியில் வைத்தார்.

“இந்தக் குடும்பத்தில எல்லாரும் செத்திட்டினம் பிள்ளை” என்று சொல்லிவிட்டு, மை பூசின இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். “இவன் ஒருத்தன்தான் உயிரோட இருக்கிறான்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு நாங்களும் சிரித்தோம்.