பகானந்தரின் பத்திலக்க எண்

பகானந்தர் என்ற சாமியார் வந்து இறங்கியதிலிருந்து அந்தத் தெருவில் சைக்கிள் நுழையக்கூட இடமில்லை. பிரிந்த தம்பதி சேர்ந்தார்களாம்! வெட்டுக்குத்துக்கு நின்ற அண்ணன் தம்பி தோளில் கை போட்டுக்கொண்டார்களாம்! எல்லாம் ஓர் எண்ணின் மகிமை. பத்திலக்கப் பகா எண். எதாலும் வகுபடாது, ஆகவே, தகட்டில் பொறித்து மாட்டினால் வீடும் வகுபடாது. அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தகடு பலிக்காது என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள்!

தையற்கடை அம்மாளும் ஒரு தகடு வாங்கிப் பையில் வைத்திருந்தாள். பாவம், அவள் கணவன் "இதோ வரேன்" என்று போனவன், போனவன்தான். பிரிவு என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்குத் தையல் கோணும். மகளுக்கு வரன் கூடிவந்த நேரத்தில், பகானந்தர் மாப்பிள்ளையின் போன் நம்பரை நெற்றியில் ஒற்றிப் பார்த்து, "எட்டுல முடியுது. ரெண்டாப் பிளக்கும்!" என்றுவிட்டார். அன்றே கல்யாணத்தை நிறுத்திவிட்டாள்.

"மனுஷனைப் பாக்காம நம்பரையா பாப்பாங்க?" என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்.

"பட்டவ நான். நீ வாயை மூடு."

மகள் மூடினாள். மறுநாள் அம்மாவோடு தானும் போய், ஒரு சீட்டை நீட்டினாள்.

"சாமி, அவர் நம்பரை மாத்தினா இது சரிவருமான்னு பாருங்க."

பகானந்தர் நெற்றியில் ஒற்றினார். உடம்பு உதறியது. "ஐயோ! மூணாச் சிதறுது! தாலி ஏறின மூணாம் மாசம் வீடு மூணாப் போகும்!"

அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மகள் அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, உன் தகட்டை எடு. சத்தமாப் படி."

"ரெண்டு, ஒண்ணு, நாலு, ஏழு, நாலு, எட்டு..."

மகள் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கித் தொடர்ந்தாள்: "மூணு, ஆறு, நாலு, ஏழு."

அம்மாள் தகட்டைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். ஓர் இலக்கம் பிசகவில்லை. "ஏன் சாமி, நீங்க வித்த நம்பரு உங்களுக்கே தெரியாதா?"

விற்றவரும் படிக்கவில்லை, வாங்கியவர்களும் படிக்கவில்லை. இப்போது கூட்டமே பையைத் துழாவியது.

"தகட்டுல இருந்தாத்தான் வகுபடாது! காகிதத்துல எழுதினா வகுபடும்!" என்று பகானந்தர் கத்தினார்.

"அந்த எண்ணைத் திட்டாதீங்க," என்றாள் மகள். "அது நெஜமாவே பகா எண்தான். தன்னாலயும் ஒண்ணாலயும் மட்டும் வகுபடும். அவ்வளவுதான் அதோட குணம். குடும்பத்தைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

பகானந்தர் பின்வாசல் வழியாக மீதியின்றிக் கழிந்தார்.

அம்மாள் தகட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "எட்டுல முடியுமே, அந்த நம்பரைச் சொல்லுடி. மாப்பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

மக்களே, எண் என்ற சொல்லுக்கு 'யோசி' என்றும் பொருள் உண்டு. அதற்குத் தகடு வேண்டாம், தலை போதும்.