ஏரிப் பனி மூழ்கும் என்பதற்கான சான்றுகள்

கரடிப்பல் ஏரி, தென்கிழக்குக் கரை,
வடக்கு மினசோட்டா.
ஏப்ரல் 24, வியாழன் பிற்பகல்.

'கரடிப்பல் வாரச் செய்தி'யின் மாண்பமை ஆசிரியர் திரு. வெண்டல் குவாம் அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தங்கள் இடது முழங்கால் இந்த வசந்தத்திலாவது தங்களுக்குக் கீழ்ப்படிந்து நடக்கும் என நம்புகிறேன். தங்கள் துணைவியார் கொடுத்தனுப்பிய ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டில் காய்ச்சிய ஜாம் வந்து சேர்ந்தது. வித்தியாசமாக இருந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு மேல் வசவு கிடையாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்; இருப்பினும், தாங்கள் திங்கட்கிழமை அனுப்பிய குறிப்பைப் படித்த பின்னர் வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

அக்குறிப்பில் தாங்கள் எழுதியிருந்தது இரண்டே வரிகள். நாளை வெள்ளிக்கிழமைக்குள் நான் என் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் தர வேண்டும். தவறினால் 'அறிவுச் சாளரம்' என்னும் என் பகுதி ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மிஸ் டெவ்லின் கைக்குப் போகும். சென்ற மாத இறுதியில் அப்பகுதியில் நான், "வசந்தம் பிறந்ததும் ஏரிப் பனி கறுத்து, கனத்து, ஒரே நாளில் அடிக்கு மூழ்கிவிடுகிறது" என்று எழுதியதும், கடந்த செப்டம்பரில்தான் சிகாகோவிலிருந்து வந்திறங்கிய மிஸ் டெவ்லின் அது தவறு என்று தங்களுக்கு எழுதி, பிள்ளைகளின் நோட்டுகளிலிருந்து அதைக் கிழிக்கச் சொன்னதும் ஊரறிந்த செய்திகள். பத்தொன்பது ஆண்டுகளாக, வெள்ளிதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என் எழுத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வந்திருக்கிறார்கள். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். என் தந்தையாரிடம் இருபத்திரண்டு பசுக்கள் இருந்தன, அவற்றுள் ஒன்றுகூடத் தன்னைத் தானே கறந்துகொள்ளும் இயல்புடையதாக இல்லை. அந்த நோட்டுகள்தாம், ஐயா, எனக்குக் கிடைத்த ஒரே வகுப்பறை. அதை நான் எளிதில் காலி செய்வதாக இல்லை.

என் தகுதியைத் தாங்கள் ஐயுற வேண்டா. மளிகைக் கடையில் வாரம் ஒரு தொகுதியாக வந்த கலைக்களஞ்சியத்தை, மாவுடனும் முட்டையுடனும் வீட்டுக்குச் சுமந்து வந்து, இருபத்திரண்டு தொகுதிகளில் இருபத்தொன்றை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை படித்தவள் நான். ஒன்பதாம் தொகுதி வந்த வாரம் பனிப்புயல். சாலை திறந்தபோது தொகுதி தீர்ந்துவிட்டிருந்தது. ஆகையால் அதில் அடங்கிய, ஆங்கில 'ஐ' எழுத்தில் தொடங்கும் இந்தியா, இரும்பு, இன்சூரன்ஸ் ஆகியவை பற்றி நான் பொதுவிடங்களில் கருத்துரைப்பதில்லை. மற்ற அனைத்தைப் பற்றியும் உரைப்பேன்.

சென்ற ஞாயிறன்று தேவாலயத்தின் நிலவறையில் காபி வேளையில் மிஸ் டெவ்லின் என்னை நேரில் அணுகினார். கையில் லெமனேட் தம்ளர் வேறு.

"மிஸஸ் ஹாவர்ஸ்டாட், இந்த ஐஸ் மிதக்குதா, மூழ்குதா?"

"அது ஃப்ரிட்ஜ் ஐஸ். ஏரி ஐஸ் வேற."

"எப்படி வேற?"

"வயசு வேற. இது நேத்துப் பொறந்தது. அது நவம்பர்லேர்ந்து இருக்கு. வயசானா எதுவும் கனத்துப் போகும்."

தூண்டில் இரை விற்கும் ஆர்லன் ட்வைட், மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான்காம் முறை எடுத்த கேக் துண்டை மென்றுகொண்டே, "எனக்கும்தான் வயசாச்சு. போன வருஷம் ஏரியில விழுந்தப்ப மிதக்கத்தானே செஞ்சேன்?" என்றார்.

"உங்க தலைக்குள்ள இருக்கிறது காத்து, ஆர்லன்" என்று அவருக்கு அறிவியல்பூர்வமாக விளக்கினேன்.

வாய்ச்சொல்லோடு நிற்பது கற்றவர்க்கு அழகன்று என்பதால், செவ்வாய்க்கிழமை மிஸ் டெவ்லினையும் அவருடைய பதினொரு மாணவர்களையும் என் முற்றத்துக்கு வரவழைத்தேன். ஆர்லன் ஏரியிலிருந்து கரிய பனிப்பாளம் ஒன்றை அறுத்துக் கொணர்ந்தார். அதை நீர் நிறைந்த தொட்டியில் இட்டோம். அது மிதந்தது. தொட்டியில் ஆழம் போதாமையே காரணம் என்று விளக்கிவிட்டு, பாளத்தை என் கையால் சற்றே ஊக்கப்படுத்தினேன். உடனே மூழ்கியது.

"பாத்துக்கோங்க பிள்ளைங்களா. மூழ்குது."

டார்சி என்னும் சிறுமி, "மிஸஸ் ஹாவர்ஸ்டாட், கையை எடுங்களேன்" என்றாள்.

"ஆராய்ச்சியில அவசரப்படக் கூடாதும்மா."

"கையை எடுங்க, பேராசிரியரம்மா" என்றார் ஆர்லன். "விரல் நீலமாவுது."

எடுத்தேன். பாளம் துள்ளி எழுந்ததில் தொட்டி நீரில் பாதி மிஸ் டெவ்லினின் காலணிக்குள் புகுந்தது. அவர் கோபிக்கவில்லை, "வித்தியாசமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். சிகாகோக்காரி எட்டே மாதத்தில் நம் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

அந்தச் சொல்லை என் முற்றத்திலேயே, என் காதுபட, பதினொரு பிள்ளைகள் எதிரில் சொல்லக் கேட்ட பின்னர் நான் சும்மா இருக்க முடியுமா? அங்கேயே சூளுரைத்தேன். ஆண்டுதோறும் ஜனவரியில் நடு ஏரிப் பனியின் மேல் நாம் நிறுத்தி வைக்கும் ஆர்லனின் பழைய ரோஸ் நிற மரக் கழிப்பறையையும், அதிலிருந்து அவருடைய கடைக் கடிகாரத்தின் மின்செருகிக்குப் போகும் கயிற்றையும் தாங்கள் அறிவீர்கள். கழிப்பறை நகர்ந்து, கயிறு இழுபட்டு, செருகி கழன்று, கடிகாரம் நிற்கும் நொடியே பனி போன நொடி என்பது ஊர் வழக்கம். அந்த நொடியில் பனி நேர்கீழாக அடிக்குச் செல்லும். கழிப்பறையும் உடன் செல்லும். ஆர்லன் கொக்கி போட்டுத் துழாவினால் அது நின்ற இடத்துக்கு நேர் கீழே அகப்படும். அகப்பட்டால் மிஸ் டெவ்லின் தம் கையாலேயே என் கட்டுரையைப் பதினொரு நோட்டுகளிலும் மீண்டும் ஒட்ட வேண்டும். வேறெங்கேனும் அகப்பட்டால் 'அறிவுச் சாளரம்' அவருக்கே. கைகுலுக்கினோம். என் கை இன்னும் மரத்துத்தான் இருந்தது.

இன்று பிற்பகல் ஒன்று நாற்பதுக்குக் கடிகாரம் நின்றது! காலை முதல் வடமேற்கிலிருந்து என் தொப்பியை இருமுறை பறித்த பெருங்காற்றையும் பொருட்படுத்தாமல், பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஊரே வடமேற்குக் கரையில் ஆர்லனின் கடை வாசலில் கூடியிருந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். ஏரியின் வளைவு மறைக்காத இடமெங்கும் நீலத் தண்ணீர். பனியும் இல்லை, கழிப்பறையும் இல்லை.

"ஐஸ் எங்க, மிஸ் டெவ்லின்?" என்று கேட்டேன்.

"இந்தக் காத்துக்கு அந்தக் கரைக்குத் தள்ளிட்டுப் போயிருக்கும்."

"அந்தக் கரையிலதான் என் வீடு இருக்கு. ஐஸ் வந்தா எனக்குத் தெரியாதா?"

ஆர்லன் படகும் கொக்கியுமாகப் புறப்பட்டார். நான் சாலை வழியே வீடு திரும்பி, காற்றுக்கு அஞ்சித் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டு, முன்னறையில் அமர்ந்து இம்மடலை வரைகிறேன். பின்பக்கம் யாரோ மூட்டை மூட்டையாகக் காலிக் கண்ணாடிப் புட்டிகளைக் கொட்டுவது போல ஓயாத கலகலப்பு. அண்டை வீட்டாரின் வசந்தகாலத் துப்புரவாக இருக்கலாம். வீடும் சற்று முனகுகிறது. ஐம்பது ஆண்டு பழைய வீடு, முனக அதற்கு உரிமை உண்டு.

ஆதலால் ஆசிரியர் அவர்களே, திருத்தம் எதுவும் தர இயலாது என்பதை உறுதிபடத் தெரிவித்துக்கொள்கிறேன். மாறாக, தாங்கள் முதற்பக்கத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். என் கட்டுரையைப் பெரிய எழுத்தில் மீண்டும் வெளியிட வேண்டும். சிகாகோவில் ஏரி இருந்தும் அதை உற்றுநோக்கும் பழக்கம் இல்லாமை குறித்து ஒரு தலையங்கமும் எழுதினால் தகும்.

தங்கள் அச்சு மை உலராதிருக்கவும், முழங்கால் நோகாதிருக்கவும், இல்லத்தில் எவரும் இனி ஜாம் காய்ச்சாதிருக்கவும் ஆண்டவரை வேண்டி,

உண்மையை விட்டுக்கொடாத,
ஆர்டிஸ் ஹாவர்ஸ்டாட் (திருமதி)

பி.கு.: அஞ்சல் தலை ஒட்டிவிட்டு, காபி போடச் சமையலறைக்குச் சென்றேன். சமையலறையில் பனி இருக்கிறது. ஏரிப் பக்கத்துப் பின்கதவைப் பெயர்த்துக்கொண்டு அடுப்பு வரை வந்து, விரல் நீளக் கண்ணாடிக் குச்சிகளாக உதிர்ந்து கலகலத்துக்கொண்டிருக்கிறது. வெளியே என் ஜன்னல் உயரத்துக்குப் பனிக் குவியல். அதன் உச்சியில், சாயாமல், கதவு என்னை நோக்கித் திறந்தபடி ஆர்லனின் கழிப்பறை. மூழ்கியதற்கான அறிகுறி எதுவும் அதனிடம் இல்லை. படகில் இருந்த ஆர்லனைக் கைபேசியில் அழைத்தேன்.

"கொக்கியை நிறுத்துங்க. கழிப்பறை கிடைச்சிருச்சு."

"அடியிலயா?"

"என் வீட்டுல."

"அது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார்.

ஆகவே மேலே எழுதியவை அனைத்தையும் அடித்துவிடவும். வெயிலில் நைந்த பனி கறுக்கும், நீர் கோக்கும், ஆயினும் மிதந்தே தீரும். காற்று அதை விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகும். இதுவே நான் தரும் திருத்தம். கைகுலுக்கல் கைகுலுக்கல்தான், சாளரம் இனி மிஸ் டெவ்லினுடையது, அவரையே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "பசங்களைக் கூட்டிட்டு இப்பவே வரட்டுமா? நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன், இதை யாரு விளக்கறது?" என்றார். "என் சமையலறை. நான்தான்" என்றேன். முன்கதவு வழியாக, நோட்டுகளோடு வருகிறார்கள்.

தங்களிடம் ஒன்பதாம் தொகுதி இருந்தால் இரவல் தந்து உதவவும். 'ஐஸ்' என்ற தலைப்பில் பனிக்கட்டியும் அதில்தான் இருந்ததாம். இன்சூரன்ஸையும் இன்றே படிக்க வேண்டியுள்ளது. ஜாம் நன்றாகவே இருந்தது. மீதியைப் பின்னர் எழுதுகிறேன், பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்குகிறார்கள், பனி உருகுவதற்குள் நான் வகுப்பைத் தொடங்க வேண்டும்.