பருந்துக்குக் கலர் தூக்கிய எலி

ஒரு காட்டில் இரை பிடிப்பதற்கும் மனுப்போட வேண்டியிருந்தது. என்ன செய்ய, காலம் அப்படி! பருந்துகளுக்கான விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்தான் வில்லங்கம்: 'மனுதாரர் இரைமேல் பாயும் கோலத்தில், நேர் எதிரே நின்று எடுத்த படம் ஒட்டவும்.'

அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஸ்டுடியோ. நடத்தியது தங்கப்பழம் என்கிற எலி. வீரபுத்திரன் என்ற பருந்து உள்ளே வந்ததுமே அது கேமராவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

"அனுமதி அட்டை கைக்கு வர்ற வரைக்கும் உன்னைத் தொடமாட்டேன். வந்ததும் முதல் சாப்பாடு நீதான்" என்றது பருந்து.

"நான் எடுக்கமாட்டேன்னா, அண்ணாச்சி?"

"அனுமதி இல்லாமலே தின்னுடுவேன்."

மூன்று நாள் வானத்திலிருந்து பாய்ந்து பாய்ந்து பருந்துக்கு இறக்கை வலித்ததுதான் மிச்சம். படங்களில் வெறும் வானம். ஒன்றில் மட்டும் தங்கப்பழத்தின் வால் இருந்தது.

"ஏன்டா ஒவ்வொரு தடவையும் ஓடுற?"

"பழக்கதோஷம், அண்ணாச்சி."

நாலாம் நாள் பருந்தே எலியின் வாலைக் கேமரா ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டிவிட்டு மேலே போனது. பாய்ந்தது. தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கியது. பாழாய்ப்போன படம் அவ்வளவு பிரமாதமாக வந்து தொலைத்தது! நகம், அலகு, முறைக்கும் கண், எல்லாம் பளிச். தங்கப்பழம் ஓவென்று அழுதுவிட்டது.

இன்னும் அரைமணி நேரமாவது உயிரோடு இருப்போமே என்று, "கொஞ்சம் டச்சப் பண்ணிடட்டுமா?" என்று கேட்டது.

பருந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தது. "மூக்கு நீளமா தெரியுதே. குறைச்சிரு. கண்ணு ஏன் இப்படி முறைக்குது? நகத்தை எடுத்துடேன், அசிங்கமா இருக்கு. அப்புறம்... கலரைக் கொஞ்சம் தூக்கேன், வெள்ளையாத் தெரியட்டும்."

தங்கப்பழம் தூக்கியது. பின்னால் ஒரு அருவியும் வைத்துக் கொடுத்தது.

மனு வாங்கும் அலுவலகத்தில் இருந்த உடும்பு படத்தைப் பார்த்தது. அதை அட்டையில் ஒட்டி, 'புறா' என்று எழுதி முத்திரை குத்தியது. "வேட்டைக்கு அனுமதி இல்லை. மாசம் ரெண்டு படி கம்பு வாங்கிக்கலாம்."

"நான் பருந்துய்யா! என் மூஞ்சியப் பாருங்க!"

"மூஞ்சியப் பார்க்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு இல்லை. அடுத்த ஆளு!"

பசியும் கோபமுமாகப் பருந்து திரும்பி வந்தது. தங்கப்பழத்தைச் சுவரோடு சேர்த்து அமுக்கி நகத்தை ஓங்கியது. "அட்டை வந்தாச்சு. சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை அட்டையைப் பாத்துக்கவா? என் கடைசி வேலை."

பருந்து அட்டையை நீட்டியது. நீட்டும்போது தானும் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. ஓங்கிய நகம் மெல்லக் கீழே வந்தது.

"லட்சணமாத்தான் இருக்கேன், இல்ல? இந்த முகத்தை வச்சுக்கிட்டு எலியைத் தின்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க? பத்து காப்பி போடு தம்பி. ஆமா, இந்தக் கம்பை ஊற வச்சுத் திங்கணுமா, அப்படியேவா?"

நீதி: கொல்ல வருகிறவன் காலில் விழாதே. அவனைப் படம் பிடித்து, கொஞ்சம் கலர் தூக்கிக் கொடு.